வாசிக்காமல் வைத்த சாட்சிக் கையெழுத்து

காணி உறுதி எழுதும் நொத்தாரிசின் மேசைக்கு முன்னால் அன்று இருந்தவர்கள் புரோக்கர் நானா, காணி வாங்க வந்தவர், தானே சொந்தக்காரி என்று விற்க வந்த ஒரு பெண், சாட்சியாக நான். காணியின் உண்மையான சொந்தக்காரி நஸீறா அங்கே இல்லை. அவர் சவூதியில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தார்.

அது எனக்குத் தெரியாது. "நம்மட தெருவுல படிச்ச புள்ள நீதானே தம்பி, ஒரு சைன் வெச்சிட்டுப் போ" என்றார் நானா. எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். அந்தப் பெருமையில், 'விற்பவரை நன்கு அறிவேன்' என்றிருந்த வரியை வாசிக்காமலே கையெழுத்திட்டேன்.

காணிப் பதிவகத்தில், பழைய உறுதிப் பத்திரத்திலிருந்த நஸீறாவின் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த உத்தியோகத்தர் பதிவை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இந்தப் பொம்புளைய எத்தின வருஷமாத் தெரியும்?"

"அண்டைக்குத்தான் சேர் கண்ட."

"அப்ப என்னத்துக்கு மகன் தெரியுமெண்டு சைன் வெச்ச?"



காணி தப்பியது. ஆனால் தானே சொந்தக்காரி என்று நேரில் நிரூபிக்க, நஸீறா வேலையை இடைநடுவில் விட்டு வரவேண்டியதாயிற்று. மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் ஏசவில்லை. "உனக்கு வாசிக்கத் தெரியும்தானே?" என்று மட்டும் கேட்டார்.

மகளுக்கு வீடு கட்ட அவர் சேர்த்து வைத்திருந்ததிலிருந்து, விமான டிக்கட்டுக்கும் சட்டத்தரணிக்கும் போனது நான்கு இலட்சத்து முப்பதாயிரம் ரூபாய்.