மெத்தைக்குள் சுருட்டிய பேனர்

இருபத்திரண்டு மீட்டர். ஒஃபெலியா ப்ருனெட்டி தன் வாழ்நாளில் தைத்ததிலேயே மிக நீளமான துணி அதுதான். பச்சைத் துணியில் எங்கள் பேட்டையின் பேரோடு ஆள் உயர வெள்ளை எழுத்துகள்: 'வில்லா ஹுமோ சாகாது'. கால்பந்தாட்டம் நடக்கும் ஞாயிறுகளில் எங்கள் மைதானத்தின் தெற்கு கேலரியில் தொங்கும். மற்ற நாட்களில் எங்கே இருக்கும் என்பது நாலே பேருக்குத்தான் தெரியும்.

எதிரணிக்காரர்கள் பேனரைப் பறித்தால் தங்கள் கேலரியில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொளுத்துவார்கள். பறிகொடுத்த ரசிகர் கூட்டம் அத்தோடு கலைந்துவிட வேண்டும். மேளம் கிடையாது, பாட்டு கிடையாது, கேலரியில் முன்வரிசை கிடையாது. அதனால்தான் பேனரைக் கூட்டத்தின் தலைவன் வீட்டில் வைப்பதில்லை. தோல் கோட்டு தைக்கும் அறுபத்தொரு வயது விதவையின் கட்டிலுக்கு அடியில் இருந்தால் யார் தேடப் போகிறார்கள்?

அந்த விதவை சாது அல்ல. பத்தொன்பது வயதில் மைதான வாசலில் குதிரைப் போலீஸ்காரன் ஒருவன் தடியால் அடித்து அவளுடைய இரண்டு பல்லைப் பெயர்த்தான். அவள் அவன் பூட்ஸைப் பிடித்து இழுத்துக் குதிரையிலிருந்து கீழே தள்ளினாள். புருஷன் தெல்மோவை 2003இல் ஆற்றுப் பாலத்தின் மேல் எதிரணியைச் சேர்ந்த அக்கரைக்காரன் ஒருவன் உடைந்த பாட்டிலால் குத்திக் கொன்றான். அடக்கம் முடிந்த மறுநாள் அவள் பட்டறைக்குப் போய்விட்டாள். அந்த வாரம்தான் பேனரைத் தன் வீட்டுக்குக் கேட்டு வாங்கினாள்.

இந்தக் கோடையில் அவள் குடியிருந்த வாடகை வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார். ஆறு தெரு தள்ளி ஒரு வீடு கிடைத்தது. நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் ரமிரோதான் எங்கள் கூட்டத்தின் தலைவன். அவன் வந்தான். ஒஃபெலியாவை மரியாதையாக 'தோன்யா' என்றுதான் கூப்பிடுவான்.

"நாங்களே தூக்கிடுறோம் தோன்யா. இருபது பசங்க போதும்."

"இருபது தடியனுங்க ஒரு மெத்தையைச் சுத்தி நடந்து வந்தா அதுக்குப் பேரு வீடு மாத்துறதாடா? சாமி ஊர்வலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் தெரிஞ்சு போயிடும்."

"அப்போ யாரு தூக்குவா?"

"ஊர்ல எல்லாருக்கும் யாரு தூக்குறா? லாரிக்காரன்."

விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்து போன் செய்தாள். லாரி எவ்வளவு பெரிசு, ஃப்ரிட்ஜுக்குப் போர்வை சுற்றுவீர்களா, கண்ணாடி உடைந்தால் யார் பொறுப்பு, எல்லாம் கேட்டாள். எங்கள் பேட்டையில் யாரிடமும் முதலில் கேட்கிற கேள்வியை மட்டும் கேட்கவில்லை: நீ எந்தப் பக்கம்?

சனிக்கிழமை காலை மூன்று பேர் வந்தார்கள். முதலாளி ஓரேஸ்தெஸ், கழுத்தே இல்லாத ஆள். கூட இரண்டு தடியர்கள், அண்ணன் தம்பி. ஒஃபெலியா சோடா ஊற்றிக் கொடுத்தாள். தையல் மெஷின், மேஜை, ஃப்ரிட்ஜ் எல்லாம் ஏறின. வெயில் ஏற ஓரேஸ்தெஸ் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டான். அவன் முதுகு முழுக்கப் பச்சை குத்தியிருந்தது அக்கரை கிளப்பின் காளைத் தலை.

பேனர் ஸ்பாஞ்சு மெத்தைக்குள் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. பேசாமல் இருந்திருந்தால் அது தானாகப் போய்ச் சேர்ந்திருக்கும். ஒஃபெலியாவால் பேசாமல் இருக்க முடியவில்லை.

"அந்த மெத்தையை விடுங்க. நானே கொண்டு வந்துக்குறேன்."

"நீங்களா? முதுகு உடைஞ்சுடும் செனோரா."

"என் முதுகு, என் மெத்தை."

ஓரேஸ்தெஸ் சிரித்தான். "என்னம்மா, உள்ள புருஷனை ஒளிச்சு வெச்சிருக்கியா?" என்று மெத்தையை லாரிக்குள் தள்ளிவிட்டு, கத்தியால் கயிற்றை அறுத்தான். மெத்தை விரிந்தது. பச்சைத் துணி எட்டிப் பார்த்தது. இரண்டு விரலால் இழுத்தான். ஒரு வெள்ளை எழுத்தின் கால் தெரிந்தது.

"கரிமூஞ்சிங்க பேனருடா!" எங்களை அக்கரைக்காரர்கள் கூப்பிடும் பேர் அது. குரல் கீச்சென்று போனது. "டேய், வண்டியை எடு!"

தம்பி ஓட்டுநர் இருக்கைக்கு ஓடினான். லாரியின் ஓரத்தில் இருந்த இஸ்திரிப் பெட்டியை எடுத்து ஒஃபெலியா ஓரேஸ்தெஸின் முட்டியில் இறக்கினாள். கத்திக்கொண்டே குனிந்தவனின் காதில் இன்னொன்று வைத்தாள். காது கிழிந்து தொங்கியது. அவன் நிமிர்ந்து முழு வீச்சில் முகத்தில் குத்தினான். அவள் மூக்கு எலும்பு உடைந்த சத்தம் எதிர்வீட்டு மாடி வரை கேட்டதாம்.

"அக்கரைத் தோல் ஆலை நாத்தம் பிடிச்ச பயலே," என்றாள் ரத்தத்தைத் துப்பி. இன்னொரு கையால் பற்றியிருந்த பேனரின் முனையை மட்டும் விடவில்லை.

அண்ணன்காரன் அவள் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். அவள் அவன் கட்டைவிரலைக் கடித்தாள். பல் இறங்கியது. அவன் அலறிக்கொண்டு முடியை விட்டான். ஓரேஸ்தெஸ் நொண்டி ஏறிக்கொள்ள, லாரி கிளம்பியது.

துணியின் முனையைக் கையில் சுற்றியிருந்த ஒஃபெலியாவையும் அது இழுத்துக்கொண்டு போனது. கீழே விழுந்தாள். முழங்கால் தோல் கல்லில் உரிந்தது. லாரிக்குள் சுருள் உருள உருள, பேனர் தெருவில் நீண்டுகொண்டே வந்தது. கதவுகள் திறந்தன. ரொட்டிக்கடைக்காரர், பள்ளிக்கூடத்து டீச்சர், உள்பனியனோடு ஒரு கிழவர், ஆளுக்கொரு பக்கம் துணியைப் பிடித்தார்கள். மேலே ஓரேஸ்தெஸ் மீதிச் சுருளைக் கட்டிப்பிடித்து, காலை ஃப்ரிட்ஜில் முட்டுக் கொடுத்திருந்தான். லாரியோடு யார் இழுத்து ஜெயிப்பது? டீச்சரின் தோள் மூட்டு நழுவியது. பிடித்த கைகள் ஒவ்வொன்றாக விட்டன.

முழுதாகப் போய்விடும் என்று ஒஃபெலியாவுக்குத் தெரிந்தது. ஏப்ரன் பையிலிருந்து தையல் கத்தரியை எடுத்தாள். எழுத்துப் பார்க்க நேரமில்லை. எட்டிய இடத்தில் இரண்டு வெட்டு. மீதியை லாரியின் இழுப்பே கிழித்தது. 'வில்லா ஹு' அவள் மேல் விழுந்தது. மிச்ச எழுத்துகள் அவளுடைய ஃப்ரிட்ஜோடும் தையல் மெஷினோடும் பாலத்தை நோக்கிப் போயின.

ஏறத் தவறிய அண்ணன்காரனைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஜாக்கிக் கம்பி ஒன்று அவன் கால் எலும்பை முறித்தது. தலையில் செங்கல் விழுந்தது. எழுந்திருக்கப் பார்த்தவனின் வாயில் ரொட்டிக்கடைக்காரர் மிதித்தார்.

ஒஃபெலியா நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து மூக்கைத் துணியில் அழுத்தியிருந்தாள். "போதும் விடுங்கடா," என்றாள். "அவன் செத்தா என் ஃப்ரிட்ஜ் திரும்பி வருமா?"

ரமிரோ ஓடி வந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. துணியைப் பார்த்தான்.

"பேரை நடுவுல வெட்டிட்டீங்களே தோன்யா."

"ஏன், முழுசா குடுத்து அனுப்பியிருந்தா ஒனக்குத் திருப்தியா இருந்திருக்குமா?"

"பாதி போனாலும் போனதுதான். கலைச்சுடணும்னு சொல்வாங்க."

"சொல்றவனை எங்கிட்ட வந்து சொல்லச் சொல்லு."

அன்று சாயங்காலமே அக்கரைக்காரர்கள் படம் அனுப்பிவிட்டார்கள்: கிழிந்த பேனர், அதன்மேல் ஓரேஸ்தெஸ், காதில் கட்டு. வரும் ஞாயிறு தலைகீழாகத் தொங்கவிடப் போகிறார்களாம். அது வரைக்கும் எங்கள் கூட்டம் கலைவதா வேண்டாமா என்று முடிவாகாது.

ஞாயிறு மதியம் மிச்ச எழுத்துகளைப் பிடுங்கி வர ரமிரோவும் முப்பது பேரும் பாலத்தைக் கடக்கிறார்கள். மூக்கில் பிளாஸ்டரோடு ஒஃபெலியாவும் போகிறாள்.