பூஜையில் மாற்றிய பாஸ்வேர்டு

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே எந்த ஆபீஸில் கம்ப்யூட்டர் படுத்தாலும் வெற்றிச்செல்விக்குத்தான் போன் வரும். குன்னத்துக்காரி. கோபம் மூக்குமேல் இருக்கும். வேலை முடிந்ததும் தானாக இறங்கிவிடும். யாராவது பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்றால் மட்டும், ஒரு தரம் முறைக்காமல் பையைத் திறக்க மாட்டாள்.

விஜயதசமி காலையில் ரெட்டிபாளையம் பக்கத்து லாரி ஆபீஸுக்கு அவள் போனபோது, கணக்கர் பஞ்சநாதன் வாசலிலேயே நின்றார். புது எடைமேடையைத் தொடங்கிவைக்க முதலாளி வீட்டிலிருந்து கிளம்பிவிட்டார். அதைச் சர்வரில் சேர்க்க அட்மின் பாஸ்வேர்டு வேண்டும். முதல் நாள் ஆயுத பூஜையில் சர்வருக்குச் சந்தனப் பொட்டு வைத்த பஞ்சநாதன், பாஸ்வேர்டும் புதுசாக இருக்கட்டும் என்று மாற்றி, அதை மறந்தும் போயிருந்தார்.

"எழுதி வைக்கலையா சார்?"

"சரஸ்வதி பூஜை அன்னிக்குப் பேனாவத் தொடலாமாம்மா?"

கீபோர்டைத் தொடலாமாம், பேனாவைத்தான் தொடக்கூடாதாம்! வெற்றிச்செல்விக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. ஆனால் அவர் முகம் செத்துக் கிடந்தது.

"வயசாயிடுச்சு, வேற ஆள் போடலாம்னு முதலாளி ஏற்கனவே பேசிக்கிட்டிருக்காரு. இது தெரிஞ்சா இன்னிக்கே அனுப்பிடுவாரும்மா."

பாவமாகத்தான் இருந்தது. முறைப்பைப் பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

டேட்டாபேஸை நிறுத்தி, ஒரே ஒருவர் மட்டும் நுழையும்படி மறுபடி கிளப்பினால், அந்தக் கம்ப்யூட்டரின் நிர்வாகியாக உள்ளே போய்ப் புது பாஸ்வேர்டு வைத்துவிடலாம். கிளப்பினாள். பழைய எடைமேடையின் புரோகிராம் அவளுக்கு முன்னால் புகுந்துகொண்டது. இன்னொரு தரம் கிளப்பிப் பார்த்தாள். அப்போதும் அதுவே முந்தியது.

"சார், ஓடிப்போயி பழைய மேடையில நெட் ஒயரைப் புடுங்குங்க!"

பஞ்சநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். எடை போட நின்ற லாரி டிரைவர்கள் கத்தினார்கள். அவர் ஒயரைப் பிடுங்கி, கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். இந்தத் தரம் வெற்றிச்செல்வி உள்ளே போய்விட்டாள். புது பாஸ்வேர்டை அவரையே கூப்பிட்டு அடிக்கச் சொன்னாள். பிறகு ஒயரைச் செருகவைத்து, புது எடைமேடையையும் சர்வரில் சேர்த்தாள்.

முதலாளியின் கார் வந்து நின்றது. இறங்கியவர் வெற்றிச்செல்வியைப் பார்த்ததும், "என்னம்மா, சர்வர்ல என்ன பிரச்சனை?" என்றார்.

அவள் ஏதோ சமாளிக்க வாயெடுத்தாள். பஞ்சநாதன் முந்திக்கொண்டார். "நான்தாங்க பாஸ்வேர்டை மறந்துட்டேன். இனிமே உங்ககிட்டயும் ஒண்ணு இருக்கட்டுங்க." புது பாஸ்வேர்டை எழுதி மடித்து வைத்திருந்த தாளை நீட்டினார்.

முதலாளி பிரித்தார். மேலே பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே பாஸ்வேர்டு. சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"ஏன்யா, இந்தச் சுழியையும் சேத்து அடிக்கணுமா?"

"வேணாங்க."

"பூசணிக்காயாவது மறக்காம வாங்குனீங்களா?"

"வாங்கியாச்சுங்க."

"அப்ப வாங்க. புது மேடைக்கு நீங்களே உடைங்க."