நம்மூர் ஈ கக்காது

அந்தப் படம் பத்து நிமிடம்கூட ஓடாது. கறுப்பு வெள்ளை. எந்த நாட்டில் எடுத்தார்களோ, பின்னணியில் ஒரு ஆண் குரல் இங்கிலீஷில் நிதானமாகப் பேசிக்கொண்டே போகும். அதைப் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்ல வேண்டியது என் வேலை.

அறுபதுகளின் கடைசி. மத்திகிரி மாட்டுப் பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப்பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். சேலத்திலிருந்து வந்து, மாதக் கடைசியில் மட்டும் ஊருக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். ஓசூரில் தொழிற்பேட்டை வருவதற்கு இன்னும் சில வருஷம் இருந்தது. எங்களுக்கு ஆய்வகம் என்று ஒன்று கிடையாது. ஒரு பூதக்கண்ணாடி, உடைந்த சோதனைக் குழாய் நாலு, தலைமையாசிரியர் பீரோவில் பூட்டியிருந்த ஒரு காந்தம். இந்த நிலையில் மாதம் ஒரு முறை படப்பெட்டி வரும் என்று சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜீப்பில் ஆபரேட்டர் ஒருவர் புரொஜெக்டருடன் வருவார். இசைக்கு ஒன்று, நாட்டியத்துக்கு ஒன்று, விஞ்ஞானத்துக்கு ஒன்று என்று மூன்று குறும்படங்கள். காட்டிவிட்டு, பதிவேட்டில் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

தலைமையாசிரியருக்குக் கையெழுத்துதான் முக்கியம். இன்ஸ்பெக்டர் வந்தால் காட்டலாமே. நாட்டியப் படம் ஓடும்போது மட்டும் தன் நாற்காலியைத் திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். பின்னால் தரையில் உட்கார்ந்த பிள்ளைகள் முத்திரைகளைப் பார்த்தார்களோ இல்லையோ, அவருடைய பிடரியை நன்றாகப் பார்த்தார்கள். படம் முடிந்ததும், "இன்னொருக்கா போடுப்பா, புள்ளைங்களுக்குப் புரியல" என்பார். வீணைப் படத்துக்கு அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

அன்றைக்கு வந்த விஞ்ஞானப் படம் ஈயைப் பற்றியது. ஜன்னல்களைக் கோணிச் சாக்கால் மூடி, சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, ஆறாம் ஏழாம் எட்டாம் வகுப்புகளை ஒரே அறையில் அடைத்தோம். விளக்கு விழுந்ததும் நிஜ ஈக்கள் நாலைந்து வேட்டியில் போய் உட்கார்ந்தன. படத்து ஈ பூசணிக்காய் அளவு இருந்தது. அதன் கண் மேல் நிஜ ஈ ஒன்று நடந்து போனது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஈயைத் தங்கள் பாஷையில் "நொண! நொண!" என்று கன்னடக்காரப் பிள்ளைகள் கத்த, தெலுங்குப் பிள்ளைகள் "ஈக! ஈக!" என்று பதிலுக்குக் கத்த, நானும் சிரித்தேன்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. ஒரு ரொட்டித் துண்டு. ஈ அதன் மேல் உட்காருகிறது. வாயிலிருந்து ஒரு குழாய் இறங்குகிறது. குழாயின் நுனியில் ஒரு துளி திரண்டு, ரொட்டியின் மேல் வழிகிறது.

"ஈக்குப் பல் கிடையாது" என்று நான் உரக்கச் சொன்னேன். "கெட்டியாக எதையும் அதனால் தின்ன முடியாது. அதனால் வயிற்றில் இருப்பதைக் கக்கி, அதில் ஊறவைத்து, கரைந்ததும் உறிஞ்சிக்கொள்ளும். இதற்கு முன்னால் அது மலத்தில் உட்கார்ந்திருந்தால், அதுவும் அந்தக் கக்கலில் இருக்கும்."

சிரிப்பு நின்றுபோனது. புரொஜெக்டரின் கடகட சத்தம் மட்டும். எனக்குப் பெருமையாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பாடம் இப்படி உள்ளே இறங்கி நான் பார்த்ததில்லை.

படம் முடிந்த கையோடு மதியச் சாப்பாட்டு மணி அடித்தது.

புங்கமரத்தடியில் பிள்ளைகள் அலுமினியத் தட்டோடு வரிசையில் உட்கார்ந்தார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த சோளரவையில் கிண்டிய மஞ்சள் உப்புமா. சமையல்காரம்மா அண்டாவைத் தூக்கிவந்து இறக்கினாள். மூடி கிடையாது. அண்டா விளிம்பு முழுக்கக் கறுப்பாக மொய்த்திருந்தது. அவள் கரண்டியை வீசினாள், எழும்பின, திரும்ப உட்கார்ந்தன. தினமும் நடப்பதுதான். அன்றைக்குத்தான் எல்லோரும் அதைப் பார்த்தோம்.

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தளி ரோட்டில் ஒரு குடியிருப்பிலிருந்து நடந்து வருகிறவள், வீட்டில் கன்னடம் பேசுகிறவள், தட்டில் விழுந்த உப்புமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தட்டைத் தள்ளி வைத்தாள்.

"டீச்சர், இதுல கக்கிட்டுப் போயிருக்குது."

அவள் சொன்னதுதான் தாமதம். பக்கத்துப் பிள்ளை தட்டைத் தள்ளியது. அதற்கடுத்தது. ஒரு சின்னவன் வாயில் போட்டதைத் துப்பினான், அதைப் பார்த்து இன்னொருவன் வாந்தியே எடுத்துவிட்டான். அந்த வாந்தியின் மேலும் ஈக்கள் போய் உட்கார்ந்தன. சமையல்காரம்மா, "நேனேமி சேசானு, நான் என்ன பண்ணேன் டீச்சரம்மா?" என்று தெலுங்கும் தமிழுமாக அழுதாள்.

தலைமையாசிரியர் வந்தார். முழுதும் கேட்டார். பிள்ளைகளைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார்.

"ஏம்மா, என்ன பண்ணி வச்சிருக்கீங்க? சாப்பாடு கொட்டுனாங்கன்னு மேல தெரிஞ்சா யாரு பதில் சொல்றது?"

"ஈ மொய்க்குது சார். மூடி வேணும். முதல்ல எங்கிருந்து வருதுன்னு பாக்கணும்."

"எங்கிருந்து வருது? பண்ணையிலிருந்து வருது. அத்தனை மாட்டையும் நான் போயி ஓட்டிவிடறதா?" குரலைத் தாழ்த்தினார். "நீங்க இப்ப போயி ஒண்ணு சொல்லுங்க. படத்துல வந்தது வெள்ளக்காரன் ஊரு ஈ. நம்மூரு ஈ கக்காதுன்னு சொல்லுங்க. சாப்புட்டுருவாங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "நீங்க இன்னும் பர்மனென்ட் ஆகல. ஞாபகம் வச்சுக்குங்க" என்றார்.

நான் சொன்னேன். புங்கமரத்தடியில் நின்று, அறிவியல் ஆசிரியை, அந்த வார்த்தைகளை அப்படியே சொன்னேன். படத்தில் பார்த்தது வேறு ஈ, நம் ஊர் ஈ அப்படிச் செய்யாது, சாப்பிடுங்கள்.

அந்தப் பெண் கையைத் தூக்கினாள். வகுப்பில் கேள்வி கேட்க நான்தான் அப்படிப் பழக்கியிருந்தேன்.

"அப்ப நம்மூரு ஈக்குப் பல்லு இருக்குதா டீச்சர்?"

"இருக்கு" என்றேன்.

பிள்ளைகள் தட்டை இழுத்துக்கொண்டார்கள். எல்லாத் தட்டும் காலியானது. தலைமையாசிரியர் எனக்குத் தலையாட்டிவிட்டு அறைக்குப் போனார். நான் ஆசிரியர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு என் டிபன் பாக்ஸைத் திறந்தேன். எலுமிச்சைச் சாதம். ஈ வரக்கூடாது என்றுதான் ஒரு வருஷமாகக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு பிடிகூட இறங்கவில்லை. என் வாயிலிருந்து வந்த அந்த "இருக்கு" உப்புமாவைவிட அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலையில் பாடத்தை விட்டுவிட்டுச் சமையல் கொட்டகைக்குப் போனேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் கால் வைக்காத ஒரே இடம் அது. பின்பக்கம், சுவரிலிருந்து நாலடியில், ஒரு குழி. மிச்சம் மீதி உப்புமா, பாத்திரம் கழுவிய தண்ணீர், எல்லாம் அதில்தான். கொட்டகைக்குப் பின்னால் மறைவு என்பதால் சின்னப் பிள்ளைகள் வெளிக்குப் போவதும் அதன் ஓரத்தில்தான். குழியின் மேல்பரப்பு அசைந்துகொண்டிருந்தது. தண்ணீர் என்று நினைத்துக் குனிந்தேன். புழு. நெளிந்துகொண்டிருந்தது அத்தனையும் புழு. மூக்கைப் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பண்ணை அரை மைல் தள்ளி இருந்தது. எங்கள் ஈயை நாங்களேதான் வளர்த்துக்கொண்டிருந்தோம்.

ஏழாம் வகுப்புக்குப் போனேன்.

"நேத்து நான் சொன்னது பொய். நம்ம ஊர் ஈக்கும் பல் கிடையாது. அதுவும் கக்கும்."

யாரும் ஆச்சரியப்படவில்லை. அந்தப் பெண் எழுந்து நின்றாள்.

"தெரியும் டீச்சர். சாயங்காலம் வூட்டுல வெல்லத்த வச்சுப் பாத்தேன். கொழா மாதிரி தொங்குச்சு. பல்லு ஒண்ணும் காணோம்."

"நேத்து மத்தியானம் என்னை நம்பித்தானே சாப்பிட்டே?"

"நம்பலைங்க. பசிச்சுது."

உட்கார்ந்துகொண்டாள். என் மேல் அவளுக்குக் கோபம்கூட இருந்ததாகத் தெரியவில்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

தலைமையாசிரியரிடம் குழியைப் பற்றிச் சொன்னேன். "எழுதிப் போடலாம்" என்றார். எழுதிப் போட்டு என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அன்றைக்கு மாலை நானும் சமையல்காரம்மாவும் அவள் மகனும் மண்வெட்டி எடுத்தோம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுண்ணாம்பைக் கொட்டினேன். புழுக்கள் சுண்ணாம்பில் துடித்து மேலே வந்தன. இரண்டு முறை ஓரமாகப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தேன். சமையல்காரம்மா, "போங்க டீச்சரம்மா, நான் மூடறேன்" என்றாள். போகவில்லை. மண் நிரம்பிக் கெட்டியானதும், மைதானத்தின் கடைசியில் புதிதாக ஒரு குழி தோண்டினோம். என் பழைய மெல்லிய நூல் சேலை ஒன்றை நாலாக மடித்து அண்டாவுக்கு மூடுதுணி ஆக்கினேன்.

மறுநாளிலிருந்து மதியம் நானும் புங்கமரத்தடியில் உட்கார்ந்து அதே உப்புமாவைச் சாப்பிட்டேன். தியாகம் ஒன்றுமில்லை, கதவைச் சாத்திக்கொண்டு தின்ன அதற்குமேல் என்னால் முடியவில்லை. முதல் வாரம் வயிற்றைக் கலக்கி மூன்று நாள் படுத்தேன். ஈ அறவே ஒழிந்துவிடவில்லை. ஆனால் விளிம்பு கறுப்பாக மொய்ப்பது நின்றது. பிள்ளைகள் ஒரு கையால் தட்டின் மேல் விசிறிக்கொண்டே மறு கையால் சாப்பிடப் பழகினார்கள்.

அடுத்த மாதம் வந்த ஆபரேட்டரிடம் அந்த ஈப் படத்தைப் பற்றி ஒரு குறிப்பு போனது: "மாணவர் மனநிலைக்கு ஏற்றதல்ல." தலைமையாசிரியர் சொல்லச் சொல்ல, என் கையெழுத்தில் எழுதியது. அதற்கப்புறம் எங்களுக்கு வந்ததெல்லாம் வாத்தியமும் நாட்டியமும்தான்.

அடுத்த ஆண்டு என்னைக் கிருஷ்ணகிரிக்கு மாற்றினார்கள். அதற்குச் சில வாரம் முன்னால் இன்ஸ்பெக்டர் வந்து சமையல் கொட்டகையைப் பார்த்து மெச்சிவிட்டுப் போயிருந்தார். பிரிவு உபசாரக் கூட்டத்தில் தலைமையாசிரியர் பேசினார். குறும்படங்களின் மூலம் சுகாதாரத்தைப் போதித்து, ஈக்களை ஒழித்து, வட்டாரத்துக்கே தம் பள்ளி வழிகாட்டியிருக்கிறது என்றார். அந்தத் திட்டம் அவர் மனதில் எப்படி உதித்தது என்றும் விளக்கினார். என்னை "உதவியாக இருந்த சகோதரி" என்றார். ஒரு சாமந்தி மாலையை நீட்டினார். அவர் விரல்கள் என் கையில் பட்டபோது உடம்பு கூசியது.

பிள்ளைகள் கைதட்டினார்கள், சொல்லிக்கொடுத்தபடி. மேஜை மேல் எனக்கென்று ஒரு தட்டில் லட்டும் காராசேவும் வைத்திருந்தார்கள். "எடுத்துக்குங்கம்மா" என்றார் தலைமையாசிரியர், வாய் நிறைய மென்றுகொண்டே. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.