நான் பார்க்காத பட்டியல்

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். வீட்டுக்கு வரும் கடிதம், மருத்துவமனைச் சீட்டு, தண்ணீர் பில் எல்லாம் என் கைக்குத்தான் வரும். நான் பார்த்துச் சொல்லிவிட்டால் அப்பா வேறு யாரிடமும் கேட்கமாட்டார். அதில் எனக்குக் கர்வம் உண்டு. அதனால்தான் இதை எழுதக் கூசுகிறது.

கடந்த தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு அப்பா கேட்டார். "தோட்டத்துலருந்து பெம்பானுக்கு வீடு மாறிட்டோமே, ஓட்டுப் போடுற ஸ்கூலும் மாறியிருக்குமாம்மா? போன்ல கொஞ்சம் பாரேன்."

நான் சோபாவில் படுத்தபடி வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன். "அதே ஸ்கூல்தான்பா" என்றேன்.

சோம்பல் மட்டும் காரணமில்லை. ஆட்சி மாறியது, மறுபடியும் மாறியது. தோட்டத்துப் பாதையில் மழைக்காலத்தில் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போகிறார்கள். நாடு நன்றாக வரும் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். படித்தவள் ஏமாறக்கூடாது, ஏமாறாமல் இருக்க எதையும் நம்பக்கூடாது என்று நினைத்திருந்தேன். ஓட்டுப் போட நானும் போவதாக இல்லை. அதை அப்பாவிடம் சொல்லவில்லை.

தேர்தல் நாளன்று அப்பா தொழிற்சாலையில் காவல் வேலை முடிந்து நாலு மணிக்கு வந்தார். குளித்துவிட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைக்கு மேல் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டார்.

"நீ வரலியா?"

"பின்னாடி வரேன்பா."

ஐந்தேகாலுக்கு அழைத்தார். "இங்க என் பேரு இல்லங்கிறாங்கம்மா. நீ பாத்தல்ல?"

அப்போதுதான் பார்த்தேன். அவருடைய ஐசி அடையாள அட்டை எண்ணைப் போனில் தட்டியதும் அரை நிமிடத்தில் வந்துவிட்டது. வேறு பள்ளி, ஊரின் மறுபக்கம். ஆறு மணிக்கு வாசலை மூடிவிடுவார்கள். கார் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அப்பா மோட்டாரைப் பழைய பள்ளியிலேயே விட்டுவிட்டுக் காரில் ஏறினார். முழங்கால்வரை நனைந்திருந்தார்.

"கம்ப்யூட்டர் தப்பா காட்டிருச்சா?"

"ம்" என்றேன்.

"நானும் அதான்லா நெனச்சேன். லிஸ்ட் வச்சிருந்த மலாய்க்காரப் பொண்ணுகிட்ட நல்லா கேட்டுட்டேன். என் மக யூனிவர்சிட்டி படிச்சவ, அவ பாத்துச் சொன்னா தப்பாகாது, ஒன் லிஸ்ட்டுதான் தப்புன்னு. அவளும் பாவம், மூணு தடவ தேடினா."

மழையில் பாதை சரியாகத் தெரியவில்லை என்பதுபோல் முன்னால் குனிந்து ஓட்டினேன்.

வாசலை மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது அப்பா உள்ளே போனார். வெளியே வந்தபோது இடது ஆள்காட்டி விரலை மற்ற விரல்களில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தார், மை காயட்டும் என்று. மோட்டாரை எடுக்கத் திரும்பிப் போகும்போது அந்த விரல் என் கண்ணிலேயே பட்டுக்கொண்டிருந்தது. அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை.

"அப்பா, நான் பாக்கவே இல்லப்பா. சும்மா சொன்னேன்."

அவர் வைப்பரையே பார்த்தபடி கேட்டார், "அப்ப அந்தப் பொண்ணு சொன்னதுதான் சரியா?"

"ஆமாப்பா."

"அவ இன்னும் இருப்பாளா தெரியல. வேகமா போ. நீயே சொல்லு."

அவள் இருந்தாள். கூடாரத்தின் கீழ் மேசையை மடக்கிக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். அப்பா பக்கத்தில் நிற்க, நான் மலாயில் சொன்னேன்: தவறு உங்கள் பட்டியலில் இல்லை, நான் பார்க்காமலேயே பார்த்ததாகச் சொன்னேன், அப்பா உங்களைப் பேசியதற்கு நான்தான் காரணம். மலாய் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. அன்று ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பாவை மாமா முறை வைத்து, "பாக்சிக் ஓட்டுப் போட்டாச்சா?" என்று மட்டும் கேட்டாள். அப்பா விரலைக் காட்டினார். அவள் முகம் மலர்ந்தது. பிறகு என்னைப் பார்த்து, "நீங்க?" என்றாள்.

என் ஐசி வீட்டு மேசை இழுப்பறையில் இருந்தது. நான் விரல்களை மடக்கிக்கொண்டேன். அப்பா என் கையைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

அவர் அந்தப் பெண்ணோடு சேர்ந்து மேசையின் ஒரு பக்கத்தைத் தூக்கி, அங்கே நின்ற லாரியில் வைத்தார். ஹெல்மெட்டை மாட்டி, மோட்டாரைக் கிளப்பிய பிறகு சொன்னார்.

"அடுத்த தடவ ரெண்டு பேரோடதையும் பாரு."

நான் காரைத் திருப்புவதற்குள் போய்விட்டார்.