அக்கா எழுதிக் கொடுத்த தேர்த் திருவிழா

திருச்சியில் ஒரு கல்லூரியில் நடந்த ஆராய்ச்சிக்கு நானும் அக்காவும் பெயர் கொடுத்தோம். மனிதர்கள் தங்களுக்கு நடந்ததை எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது விஷயம். உளவியல் பேராசிரியை ஒருவர், நரம்பியல் டாக்டர் ஒருவர், மக்களிடம் வாய்மொழியாக வரலாறு சேகரிக்கும் பேராசிரியர் ஒருவர், மூவரும் சேர்ந்து செய்தார்கள். கூடப்பிறந்தவர்கள் ஜோடியாக வர வேண்டும். நான் ஸ்ரீரங்கத்தில் கணக்கு டீச்சர். என்னைவிட ஆறு வயது மூத்த அக்கா தில்லை நகரில் இருக்கிறாள். வரமாட்டேன் என்றவளை நான்தான் வற்புறுத்தி அழைத்துப் போனேன்.

என் சிறுவயதில் நடந்த சம்பவங்களை அக்கா ஒரு படிவத்தில் எழுதிக் கொடுத்தாள். பேராசிரியை அவற்றை ஒவ்வொன்றாக எனக்கு வாசித்தார். சைக்கிளிலிருந்து விழுந்து பல் உடைந்தது. அது நன்றாக ஞாபகம் இருந்தது. அடுத்ததாக வாசித்தார்: "உங்களுக்கு அஞ்சு வயசிருக்கும்போது அம்மா வீட்டை விட்டுப் போயிட்டாங்க. ஏழு மாசம் நீங்க முசிறியில பெரியம்மா வீட்டுல இருந்தீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. "அது லீவுக்குப் போனதுங்க மேடம். அக்கா எதையோ குழப்பிக்கிட்டா."

அவர் அதையும் குறித்துக்கொண்டார். கடைசிச் சம்பவம், சித்திரைத் தேரன்று கூட்டத்தில் நான் தொலைந்துபோய், அப்பா தேடிக் கண்டுபிடித்தது. முதலில் ஒன்றும் தோன்றவில்லை. ஒரு வாரம் யோசித்துவிட்டு வரச் சொன்னார்கள். அந்த ஒரு வாரத்தில் எல்லாமே வந்துவிட்டது. பூ விற்கிற அம்மா ஒருத்தி என்னைத் தன் கூடைக்குப் பக்கத்தில் ஈரச் சாக்கின் மேல் உட்கார வைத்திருந்தாள். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அப்பா வந்தார். சட்டைப் பொத்தான் அறுந்திருந்தது. என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, கையால் என் முதுகைத் தடவிக்கொண்டே நடந்தார். அப்பா எங்களைத் தொட்டுப் பேசுகிறவர் இல்லை. இறந்து பல வருஷமான மனிதர் திரும்பி வந்து தூக்கிக்கொண்டதுபோல இருந்தது. அதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். என் கணவரிடம் சொன்னேன், ஸ்டாஃப் ரூமில் சொன்னேன்.

மூன்றாவது முறை போனபோது பேராசிரியை கேட்டார்: "இதுல ஒண்ணு மட்டும் நடக்கவே இல்லைங்க. எதுன்னு நினைக்கிறீங்க?"

"முசிறி" என்றேன், யோசிக்காமல்.

அவர் தயங்கினார். வரலாற்றுப் பேராசிரியர்தான் சொன்னார். "தேர் அன்னைக்கு நீங்க தொலையலைங்க. நடக்காத ஒண்ணையும் சேர்த்து எழுதச் சொல்லி நாங்கதான் உங்க அக்காகிட்ட கேட்டோம். மத்தது எல்லாம் நடந்ததுன்னு அவங்க சொன்னாங்க." ஆராய்ச்சி முடியும்வரை இதைச் சொல்லக்கூடாது என்பது முறை என்று விளக்கினார், மன்னிப்பும் கேட்டார். நான் டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

நேராகத் தில்லை நகர் போனேன். அக்கா சமையலறையில் இருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே அடுப்பை அணைத்தாள்.

"நடக்காத ஒண்ணு வேணும்னு அவங்கதான் கேட்டாங்க. நீ உடனே இல்லைன்னுடுவேன்னு நினைச்சேன்."

"நான் அதைக் கேக்கல. முசிறி."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "அப்பா அடிக்கிறது தாங்காம அம்மா போனா. உன்னைப் பெரியம்மா கூட்டிட்டுப் போயிட்டாங்க. எனக்குப் பதினொரு வயசு. அப்பாவுக்குச் சோறு பொங்கிப் போட்டுட்டு ஸ்கூலுக்குப் போனேன். அம்மா திரும்பி வந்ததும் உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா."

"எனக்குச் சொல்லாததை ஒரு பேப்பருக்குச் சொல்லியிருக்கே."

"அவங்க உனக்குப் படிச்சுக் காட்டுவாங்கன்னு தெரியும். அதான் எழுதினேன். என் வாயால நான் சொல்லலையே."

அவள் இதை இத்தனை வருஷம் தனியாகச் சுமந்திருக்கிறாள் என்பது அப்போது எனக்குப் படவில்லை. அடித்த கையை எனக்கு அன்பான கையாக எழுதிக் கொடுத்தாளே என்பதுதான் பட்டது. சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினேன்.

அம்மா என்னோடுதான் இருக்கிறாள். மறுநாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது கேட்டேன். தலை நிமிராமல் பதில் சொன்னாள்.

"ஆமா, போனேன். மருங்காபுரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல சமையல் வேலை கிடைச்சுது. நல்லாத்தான் இருந்தேன்."

"அப்புறம் எங்களுக்காக வந்துட்டியா?"

"உனக்கு அம்மை போட்டிருக்கு, பொழைக்கிறது கஷ்டம்னு ஆள் வந்து சொன்னாங்க. ஓடி வந்தேன். வந்து பார்த்தா நீ பெரியம்மா வீட்டு வாசல்ல விளையாடிட்டிருந்தே. உங்கப்பா சொல்லி அனுப்பின பொய்." காம்புகளைக் கூட்டி அள்ளினாள். "அதுக்கப்புறம் அவர் கை நீட்டல. அதுவரைக்கும் சரி."

முசிறியை நான் சந்தோஷமான லீவு என்று எத்தனையோ தடவை அம்மாவிடமே சொல்லியிருக்கிறேன். அவள் ஒருமுறைகூடத் திருத்தவில்லை.

அடுத்த வாரம் கல்லூரிக்குப் போய், தேர் பற்றி நான் பேசியதை மட்டும் அழித்துவிடச் சொன்னேன்.

"எங்களுக்கு அதுதாங்க முக்கியம்" என்றார் பேராசிரியை. "வேணும்னா நீங்க மொத்தமா விலகிக்கலாம். ஜோடில ஒருத்தர் விலகினா ரெண்டு பேரோடதையும் எடுத்துடுவோம். அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்களேன்."

நான் கேட்கவில்லை. என்னை யார் கேட்டார்கள் என்று இருந்தது. அங்கேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து அக்கா போன் செய்தாள். அந்த ஏழு மாதத்தைப் பற்றி அவள் அவர்களிடம் மூன்று மணி நேரம் பேசியிருக்கிறாள், எனக்குத் தெரியாது. அப்பாவுக்குச் சோறு வடிக்கும்போது கஞ்சி கொட்டி அவள் கை வெந்தது, அம்மா எங்கே என்று கேட்ட டீச்சரிடம் ஊருக்குப் போயிருக்கிறாள் என்று தினமும் சொன்னது, எல்லாம்.

"வாழ்க்கையில ஒரே ஒரு தடவை ஒருத்தங்க உட்கார்ந்து கேட்டாங்க" என்றாள். அவள் குரல் உயரவில்லை. "அதையும் அழிச்சுட்டே. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

"எனக்குச் சொல்லுக்கா, நான் கேக்கறேன்" என்றேன்.

"இப்ப வேணாம்" என்று வைத்துவிட்டாள்.

இப்போதும் போனில் பேசுகிறோம், அம்மாவின் மாத்திரை பற்றி, அவள் பெண்ணின் வேலை பற்றி. அந்த ஏழு மாதத்தை அவள் இன்னும் எனக்குச் சொல்லவில்லை. நானும் இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டேன்.