கரகக் கரைக்கு மேலே ஒரு சுத்திகரிப்பு நிலையம்

மாசி மாதம் மூன்று நாள் லீவு கிடைத்தது. மற்றவர்கள் நீர்வீழ்ச்சி பார்க்கக் கிளம்ப, நான் கழிவுநீர் பார்க்கக் கிளம்பினேன். என்னோடு படித்த செல்வராணி, பெல்மதுளைக்குப் பக்கத்துச் சிறு நகரம் ஒன்றின் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒப்பரேட்டர். “ஒரு தடவ வந்து பாருடி” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவள் வேலைக்கு வம்பு வேண்டாமென்று ஊர்ப்பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன்.

கொழும்பில் காலை ஆறு மணி பஸ். பத்தரைக்குப் பெல்மதுளை. அங்கிருந்து ஐந்து கிலோமீற்றர் ஆட்டோ, அறுநூறு ரூபாய். “இந்தப் பக்கம் ரத்தினக்கல்லு வாங்கத்தான் ஆளுங்க வருவாங்க. நீங்க அங்க என்னத்தப் பாக்கப் போறீங்க?” என்று ஆட்டோக்கார நானா கேட்டார். சொன்னேன். அவர் ரேடியோச் சத்தத்தைக் கூட்டினார்.

மூக்கைப் பொத்தத் தயாராகத்தான் இறங்கினேன். முதல் கம்பித்தடுப்பில் மட்டும்தான் பொத்தினேன். துணி, ஷாம்பு பாக்கெட், ஒரு பொம்மையின் கால். அடுத்த பெரிய தொட்டியில் காற்றை ஊதி, அழுக்கைத் தின்னும் கிருமிகளை வளர்க்கிறார்கள். அங்கே மழை பெய்த மண் வாசனைதான். கடைசியில் தெளிந்த தண்ணீர் குளோரின் வாடையோடு ஆற்றில் விழுந்தது. “குடிக்கிறதுக்கு இல்ல. ஆனா ஆத்துக்குக் கெடுதல் செய்யாது” என்றாள் செல்வராணி.

அன்று அவள் முகமே சரியில்லை. தண்ணீர் விழும் இடத்துக்குச் சற்றுக் கீழேதான், அவள் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்தார் அம்மன் திருவிழாவுக்குக் கரகம் பாலிக்கும், அதாவது கரகச் செம்பில் ஆற்று நீர் நிரப்பிப் பூச்சூட்டிப் பூசை செய்யும் கரை. இந்த வருடம் அதை மேலே, பாலத்தடிக்கு மாற்றலாமா என்று மாலையில் கூட்டம். மாற்றினால் அவள் வேலையே தீட்டு என்று தோட்டம் முடிவு கட்டியதாகிவிடும். தோட்டத் தலைவரோ அவளுடைய மாமனார்.

நானும் கூடப் போனேன். கோயில் முற்றத்தில் பால் விடாத பிளேன்டீ கொடுத்தார்கள். “டவுன் அசிங்கம் விழுகிற எடத்துல அம்மனுக்குக் கரகம் பாலிக்கலாமாங்க?” என்று தலைவர் கேட்டதும் எல்லோரும் தலையாட்டினார்கள்.

செல்வராணி எழுந்தாள். “மாமா, பாலத்துகிட்ட நம்ம லயத்து வீடுகளோட கக்கூசுக் குழி வழிஞ்சு ஆத்துல எறங்குது. டவுனோடத நான் சுத்தம் பண்ணித்தான் விடுறேன். நம்மளோடத யாரு சுத்தம் பண்ணுறா?”

தலைவர் மெதுவாக, “நம்மளயும் அந்தப் பைப்புல சேக்க முடியாதாம்மா?” என்றார்.

“பைப்பு நம்ம வாசல் வழியாத்தான் போகுது மாமா. தோட்டம் டவுன் எல்லைக்குள்ள இல்லையாம். ஆபீசுல கேட்டுட்டேன்.”

கோபத்தில் நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். தலைவர், “கரைய மாத்த வேணாம். கரகத்துக்குத் தண்ணி மட்டும் மலை ஊத்துப் பீலியில புடிச்சிட்டுப் போவோம். கனெக்சன் கேக்க நாங்களும் வர்றோம்” என்றார்.

போக விரும்புபவர்களுக்கு: முன்கூட்டியே அனுமதி கேளுங்கள், காலை மூடிய சப்பாத்து போடுங்கள், மழை நாளைத் தவிருங்கள். அங்கிருந்து பெல்மதுளைக்குக் கடைசி பஸ் மாலை ஆறரைக்கு. வீட்டில் எண்ணெயைக் குழாயில் ஊற்றாதீர்கள். அதை யாரோ ஒருத்தி கையால் வழிக்கிறாள்.

திருவிழா முடிந்து செல்வராணி எனக்குப் போன் எடுத்தாள். கரகம் பழைய கரையிலேயே பாலித்தார்களாம். அவளும் பால்குடம் எடுத்தாளாம். கனெக்சனுக்கு இரண்டு தடவை போய்க் கேட்டும் பதில் இல்லை. இன்று காலையும் அவள் லயத்தின் நிரம்பிய குழியைத் தாண்டித்தான், டவுன்காரர்களின் தண்ணீரைச் சுத்தம் செய்யப் போயிருப்பாள்.