போயானுக்கு வைத்த தண்ணீர்

ரலிட்சாவை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. என் தம்பி ஸ்விலென் அவளை வீட்டுக்கு அழைத்து வந்தபோது அவள் எங்கள் ஊர் செவ்லியெவோவில் பல் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். வந்தவள் சாப்பிட்டாள், எல்லார் தட்டையும் கழுவி அடுக்கினாள், ஒரு வார்த்தை பேசவில்லை. ஊமைக்கோட்டான் போல இருக்கிறவள் மனசுக்குள் என்ன வைத்திருப்பாளோ என்று அன்றைக்கே நினைத்தேன். மகன் போயானுக்கு மூன்று வயதானதும் வீட்டை விற்றார்கள், பழைய தபால் வண்டி ஒன்றை வாங்கினார்கள், மூட்டை முடிச்சோடு உலகம் சுற்றக் கிளம்பிவிட்டார்கள். "எல்லாம் அவ வேல. அவதான் இவன இழுத்துட்டுப் போறா" என்றது ஊர். நானும் அதையே சொன்னேன். ஊரைவிடச் சத்தமாகச் சொன்னேன்.

என் பெயர் கின்கா. பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறேன். இருபத்தாறு வருஷமாக ஊரையெல்லாம் அனுப்பி வைக்கிற நான் போன தூரம் கடற்கரை வரைக்கும்தான், அதுவும் இரண்டே தடவை. பொறாமையில் பேசுகிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்றும் குறையவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒருவர் கிளம்பினால் வாசற்படியில் செம்புப் பாத்திரத்தில் தண்ணீர் வைப்போம். அதில் ஒரு கொத்து ஜெரேனியம் பூ போட்டிருக்கும். போகிறவர் வலது காலால் அதை உதைத்துக் கொட்டிவிட்டுப் போக வேண்டும். கொட்டின தண்ணீர் போலப் போகிற காரியமும் தடையில்லாமல் ஓடும். தூரதேசம் போனாலும் இதுதான், பிள்ளை முதல் வகுப்புக்குப் போனாலும் இதுதான். ஒவ்வொரு கோடையிலும் இவர்கள் வந்து என் வீட்டில் ஒரு மாதம் தங்கித் திரும்பிப் போகும்போது நான் தண்ணீர் வைப்பேன். வாய் நிறையத் திட்டிக்கொண்டேதான் வைப்பேன். ஆனால் வைக்காமல் இருந்ததில்லை.

ஸ்விலென் போனில் வீடியோ போடுவான். 'சுதந்திரக் குடும்பம்' என்று அதற்குப் பெயர் வேறு. மொராக்கோவில் மணல்மேடு, வியட்நாமில் படகு, மெக்சிகோவில் மாம்பழம். பிள்ளைகள் சிரிப்பார்கள், இவன் பல்லைக் காட்டுவான். ரலிட்சா அதில் எங்கேயும் இருக்க மாட்டாள். மூஞ்சியைக் காட்டக்கூடத் திமிர் என்று நினைத்தேன்.

எங்கே இருந்தாள் என்பது இந்த வருஷம்தான் எனக்குத் தெரிந்தது. சின்னவள் யானா பிறந்தது ஜார்ஜியாவில், மொழி தெரியாத ஆஸ்பத்திரியில். பிறந்த பதினெட்டாம் நாள் மறுபடி வண்டி. பெட்ரோல் பங்க் கழிவறையில் பிள்ளைத் துணி அலசியவள் இவள். மணல்மேட்டு வீடியோ எடுத்த அன்றைக்குப் போயானுக்குக் காய்ச்சல் கொதித்ததாம். வண்டிக்குள் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தாள். பிஸ்கட் டப்பா ஒன்று வைத்திருக்கிறாள். அதில் தெர்மாமீட்டர், காய்ச்சல் மருந்து, கத்தரிக்கோல், பிளாஸ்திரி. நான்கு வருஷமாக அந்த டப்பாதான் அவள் வீடு. இதையெல்லாம் அவள் சொல்லவில்லை. போயான் சொன்னான்.

ஆகஸ்டில் அவனிடம் கேட்டேன், "உன் பெஸ்ட் ஃப்ரெண்டு யாருடா?"

"எந்த நாட்டுல, அத்தை?"

நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளை, எந்த நாட்டுக்கு எந்தப் பெயர் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.

இந்த வருஷம் அவனை முதல் வகுப்பில் சேர்ப்பது என்று ஸ்விலென் எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தான். ஆற்றங்கரைப் பள்ளியில் பெயர் எழுதியாயிற்று. நீலப் பை வாங்கியாயிற்று. பையன் அந்தப் பையை முதுகில் மாட்டிக்கொண்டுதான் சாப்பிட்டான். ஒரு நாள் மெதுவாக என்னிடம் வந்தான்.

"அத்தை, அங்க இன்னிக்குப் பாக்கற பசங்க நாளைக்கும் அங்கயே இருப்பாங்களா?"

"இருப்பாங்கடா. பன்னண்டு வருஷம் அதே மூஞ்சிங்கதான். பாத்துப் பாத்துச் சலிச்சுப் போகும் உனக்கு."

அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! எனக்கு அழுகை வந்துவிட்டது.

செப்டம்பர் பதினைந்தாம் தேதி பள்ளி திறப்பு. பதினான்காம் தேதி மதியம், குடமிளகாய்க்குள் அரிசி அடைத்துச் சமைத்து வைத்திருந்தேன். ஸ்விலென் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுச் சொன்னான், "நாளைக்குக் காலைல கிளம்பறோம். இஸ்தான்புல் போய், அங்கேர்ந்து இலங்கைக்கு. ஒரு ஹோட்டல்காரன் கூப்பிடறான், மூணு மாசம் சும்மா தங்கலாம்."

"நாளைக்குப் பள்ளிக்கூடம்டா!"

"உலகமே பள்ளிக்கூடம்தான், அக்கா. நாலு செவுத்துக்குள்ள என்ன கத்துக்கப் போறான்?"

"நீ நாலு செவுத்துக்குள்ள படிச்சுதான் இப்படிப் பேசக் கத்துக்கிட்டியா? சோறு போட்ட கையால அறைஞ்சிடுவேன்."

அவன் சிரித்தான். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பான், அதையும் சிரித்துக்கொண்டே சொல்வான். நான் ரலிட்சா பக்கம் திரும்பினேன். "நீ என்ன, வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்க? உன் புள்ளதான அவன்?" அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போயான் பையைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் வைத்தான். கத்தி அழுதிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

மறுநாள் காலையில் நானும் ஒரு முடிவோடுதான் எழுந்தேன். பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை மாட்டிவிட்டேன். டீச்சருக்குக் கொடுக்கச் சாமந்திக் கொத்து ஒன்றைக் கையில் திணித்தேன். "நீ பள்ளிக்கூடம் போற. உங்கப்பன் என் மேல வண்டிய ஏத்திட்டு வேணா போகட்டும்" என்றேன். வாசற்படியில் செம்புப் பாத்திரத்தை வைத்துத் தண்ணீர் ஊற்றி ஜெரேனியம் போட்டேன். போயான் கதவுக்குப் பின்னால் நின்று, எந்தக் கால் வலது கால் என்று தரையில் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்விலென் படுக்கைச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு அவனைத் தாண்டி வந்தான். பாத்திரத்தைப் பார்த்தான். முகமெல்லாம் பல்.

"பாத்தியா! என்னதான் கத்தினாலும் எங்க அக்கா எனக்குத் தண்ணி வெக்காம இருக்க மாட்டா!"

நான் வாயைத் திறப்பதற்குள் வலது காலால் ஓங்கி உதைத்தான். பாத்திரம் உருண்டது. தண்ணீர் முற்றத்தில் ஓடி அந்தப் பாழாய்ப்போன வண்டிச் சக்கரத்தில் போய் முட்டியது.

"அது என்னுது" என்றான் போயான்.

ஸ்விலென் திரும்பினான். வெள்ளைச் சட்டையையும் பூங்கொத்தையும் அப்போதுதான் பார்த்தான். "அட, தண்ணிதானடா. வேற ஊத்தினாப் போச்சு. வா, வண்டில ஏறு."

உள்ளேயிருந்து ரலிட்சா வந்தாள். நேராக வண்டிக்குப் போனாள். பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். பிள்ளைகளின் தலையணை இரண்டையும் யானாவின் செருப்பையும் எடுத்தாள். எல்லாவற்றையும் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள்.

"என்ன பண்ற நீ?" என்றான் ஸ்விலென்.

"தண்ணி உனக்குக் கொட்டியாச்சு. நீ கிளம்பு."

"வெளையாடாத, ரலிட்சா."

"நாலு வருஷம் உன் வெளையாட்டுதான். புள்ளைக்குக் குடுத்த வாக்கையும் ஒதைச்சுக் கொட்டிட்ட. நாங்க வரல."

அவள் குரல் இவ்வளவு பெரியது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஸ்விலென் என்னைப் பார்த்தான். "அக்கா, நீயாவது இவளுக்குச் சொல்லேன்!" எப்போதும் அவன் பக்கமே பேசியவள் நான். அந்த நம்பிக்கை அவனுக்கு.

"என்னத்தச் சொல்ல? நீயேதான ஒதைச்ச? ஒதைச்சவன் திரும்பி உள்ள வந்தா அபசகுனம். போ."

கிணற்றுத் தவளைகள் என்று எங்களைத் திட்டினான். கதவை அறைந்து சாத்திக்கொண்டு வண்டியை எடுத்தான். தெருமூலையில் ஒரு தடவை ஹாரன் அடித்துப் பார்த்தான். யாரும் ஓடவில்லை.

ரலிட்சா பாத்திரத்தைப் பொறுக்கி எடுத்துக் குழாயில் மறுபடி நிரப்பினாள். போயான் உதைத்த உதையில் காலுறை முழுக்க நனைந்துபோயிற்று. மாற்ற நேரமில்லை. யானாவை நான் இடுப்பில் தூக்கிக்கொண்டேன். நாலு பேரும் ஆற்றங்கரைப் பாதையில் கிட்டத்தட்ட ஓடினோம். மணி அடிப்பதற்குள் போய்விட்டோம். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனான்.

வரும் வழியில் ரலிட்சாவிடம் கேட்டேன், "இத்தன வருஷம் ஏன்டி ஒரு வார்த்த சொல்லல?"

"யார்கிட்ட சொல்ல, அக்கா? நான்தான் அவர இழுத்துட்டுப் போறேன்னு நீங்களே சொன்னீங்க." கொஞ்ச தூரம் நடந்தபிறகு சொன்னாள், "ஒவ்வொரு தடவ கிளம்பறப்பவும், நீங்க தண்ணி வெக்க மறந்துடணும்னு வேண்டிப்பேன். அத சாக்கா வெச்சு நின்னுடலாம்னு. நீங்க ஒரு தடவகூட மறக்கல."

எனக்குச் செருப்பால் அடித்தது போல இருந்தது.

இப்போது அவள் பழைய ஆஸ்பத்திரிக்கே வேலைக்குப் போகிறாள். இன்னமும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு இன்னமும் சில நாள் எரிச்சல் வருகிறது. ஆனால் ஊரில் யாராவது அவளைப் பற்றி வாயைத் திறந்தால் என் கவுண்டரில் அவர்களுக்கு டிக்கெட் கிடையாது.

கிறிஸ்துமஸுக்கு ஸ்விலென் வந்தான். கறுத்திருந்தான், பரிசெல்லாம் கொண்டுவந்தான். போயான் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பக்கத்துத் தெருவில் வகுப்புத் தோழன் காத்திருக்கிறான் என்று ஓடிவிட்டான். மூன்றாம் நாள் ஸ்விலென் கிளம்பினான். ரலிட்சா கதவோரம் நின்றாள். அவன் பையைத் தூக்கிக்கொண்டு வாசற்படி வரைக்கும் வந்து கீழே பார்த்தான். படி காய்ந்து கிடந்தது.

"அக்கா, தண்ணி?"

"குழா அங்க இருக்கு" என்றேன்.